கோடு அசையாமல் நிற்பதற்கு

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து புளியந்தீவிலிருந்து ஓட்டமாவடி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு தகப்பனும், கம்பஸில் பௌதிகவியல் படிக்கிற அவர் மகளும் இருந்தார்கள்.

“லேப்ல மூச்சக்கூட மெதுவாத்தான் விடுவன் அப்பா,” என்றாள் மகள். அதைக் கேட்டுத்தான் காது கொடுத்தேன்.

“ஏன் புள்ள, பேய் கீய் இரிக்கா?”

“லேசர் வெளிச்சத்த ரெண்டாப் பிரிச்சித் திரும்பச் சேத்தா, சுவத்துல கோடு கோடா விழும். பக்கத்துல ஆராச்சும் நடந்தாலே கோடு ஆடும். அசையாம நிண்டாத்தான் படம் எடுக்கலாம்.”

“அதுக்கா ஞாயித்துக்கிழமை போறாய்?”

“ஓம். நாளைக்குப் படத்தக் காட்டாட்டி இந்த ஆராய்ச்சிய விட்டுட்டு வேற செய்யச் சொல்லிட்டார் சேர்.”

“மத்த நாள்ல கூட்டாளிமார் சாப்பிடக் கூப்பிடுவாங்கதானே?”

“இந்தப் பக்கம் நடக்க வேணாமெண்டு நான்தான் கதவுல எழுதி ஒட்டினன். இப்ப ஒருத்தரும் வாறல்ல.”

தகப்பன் அவள் பக்கம் திரும்பினார்.

“ஓட்டமாவடி அலுவல நாளைக்குப் பாப்பம். நான் வந்து கதவுக்கு வெளிய வாங்குல குந்திட்டு இரிக்கட்டா? எழும்பி நடக்கமாட்டன்.”

“வேணாம் அப்பா. நீங்க இருமுவீங்க.”

அவர் சிரித்தார். கம்பஸ் வாசலில் அவள் தனியே இறங்கி, திரும்பிப் பாராமல் உள்ளே நடந்தாள். அவள் மறையும் வரைக்கும் அவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகுதான் இருமினார்.

அந்த இரண்டு பேருக்காகவும் மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே செபம் சொன்னேன்.