பாராட்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் எழுதிய மடல்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் அயராது உழைத்து, இன்று பணிநிறைவு பெறும் முதுநிலை நிரலாளர், எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய "பேரு மேடம்" அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளம் நெகிழ்ந்து வாசித்தளிப்பது:

பெயரிடும் பெருந்தகையே!

பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கப் பெற்றவர்கள் படும் பாட்டைவிட, கணினிக்கு ஒரு வேலையைச் சொல்லும் பத்து வரிச் செயற்கூறு ஒன்றுக்குப் பெயர் வைக்க நாங்கள் உங்களிடம் பட்ட பாடு பெரிது! "வேலையைச் செய்" என்று ஒருவர் பெயரிட்டு வந்தபோது, "வேற என்ன பண்ணும், தூங்குமா?" என்று திருப்பி அனுப்பினீர்கள். "புதியது" என்று நாங்கள் வைத்த ஒன்று ஏழாண்டுகள் கழித்தும் புதியதாகவே இருந்ததை ஊரறியச் சிரித்துக் காட்டினீர்கள். உங்கள் காலடி ஓசை கேட்டதும் பெயர்களை அவசர அவசரமாக மாற்றாத விரல்கள் இப்பிரிவில் இல்லை.

தெளிவின் திருவுருவே!

"பேர நம்பித்தான் அடுத்தவங்க கூப்பிடுவாங்க. உள்ள தெறந்து பாக்க மாட்டாங்க. ரெண்டு வேலை செஞ்சா ரெண்டையும் பேர்ல சொல்லு" என்பீர்கள். பிடிவாதம் என்று முணுமுணுத்தோம். அது பிறர்மேல் கொண்ட பரிவு என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

பழி சுமந்த பண்பே!

அந்தத் திங்கட்கிழமைக் காலையை யார் மறப்பார்? வரவேற்பறைப் பெண் "காத்திருப்போர் பட்டியலைக் காட்டு" என்னும் செயற்கூற்றை அழைக்கும் பொத்தானை வழக்கம்போல் அழுத்தினார். அது பட்டியலைக் காட்டியது, முப்பது நாளைக் கடந்தவர்களை அழித்தும்விட்டது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த இருநூற்றுப் பதினான்கு பேர் திரையிலிருந்து மறைந்தார்கள். பழைய நகல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, மூன்று நாளில் அத்தனை பேரையும் அவரவர் இடத்தில் அமர்த்தினீர்கள். "யார் எழுதுனது?" என்று இயக்குநர் மேசையைத் தட்டியபோது, "ஒப்புதல் குடுத்தது நான். எங்கிட்ட கேளுங்க சார்" என்றீர்கள். அவ்வாண்டு உங்கள் பதவி உயர்வு நின்றது.

இங்கே "நாங்கள்" என்பதை விட்டுவிடுகிறேன். நீங்கள் ஒப்புதல் தந்த செயற்கூறு பட்டியலைக் காட்ட மட்டுமே செய்தது. அழிக்கும் இரண்டு வரிகளை அதன் பிறகு சேர்த்தவன், இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கும் நான். பெயரை மாற்றினால் மறுபடி ஒப்புதல் கேட்டு உங்கள் மேசைக்கு வரவேண்டுமே என்ற சோம்பல்தான். எந்த வரியை யார் சேர்த்தார் என்று காட்டும் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்தும் நீங்கள் பழியை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டீர்கள். மறுநாள் என் இருக்கைக்கு வந்து, "அந்த ஃபங்ஷனுக்குப் பேர மாத்திட்டியா?" என்று மட்டும் கேட்டீர்கள். பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையும் இந்த மரியாதையும் எனக்கு நீங்கள் தந்தவை. நன்றி, மேடம். மன்னியுங்கள்.

நோயின்றி, நோகாமல், பேரக்குழந்தைகளின் குறும்புகளுக்கெல்லாம் பொருத்தமான பெயர் சூட்டி நீங்கள் நூறாண்டு வாழ்க!

நேற்றுவரை இதற்குப் "பாராட்டு மடல்" என்றே தலைப்பிட்டிருந்தேன். இது இரண்டு வேலை செய்கிறது. பேர மாத்திட்டேன், மேடம்.

இவண்,
உங்கள் பெயர்களை நம்பி வேலை செய்த
கணினிப் பிரிவினர்