முத்துச்செல்வி டீச்சரும் ஒன்று புள்ளி மூன்றும்

மேடையில் மாலையோடு வீற்றிருக்கும் தாளாளர் பாண்டித்துரை அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஆய்க்குடியிலிருந்து வந்திருக்கும் டீச்சரின் கணவர் சங்கரபாண்டி அவர்களே, ஆசிரியர்களே, மாணவிகளே! வேதியியல் துறைத் தலைவர் நம்பிராஜன் பேசுகிறேன். இரண்டு நிமிடத்தில் முடிக்கும்படி துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. முடிக்க மாட்டேன்.

முன்னால் பேசியவர்கள் டீச்சரைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். யார் சொன்னது? பதினாறு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவன் சொல்கிறேன், அந்த அம்மாளுக்குப் பொறுமையே கிடையாது! தப்பான கணக்கைப் பார்த்தால் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு வருவார். குற்றாலத்துக்குச் சுற்றுலா போன பஸ்ஸிலும் பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தார்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி. 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. கலந்தால் pH என்ன? பத்து மில்லிமோல் அமிலத்தில் ஐந்தைக் காரம் தீர்த்துவிடும். மிச்சம் ஐந்து. அதை ஐம்பதால் வகுத்து, pH 1 என்றது விடைக்குறிப்பு.

டீச்சரின் மாணவி அபியும் இன்னும் பதினொரு பிள்ளைகளும் 1.3 என்று எழுதினார்கள். டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். நான் விடைக்குறிப்பை நீட்டியபோது என்ன சொன்னார்?

"சார், ரெண்டையும் ஒரே பாத்திரத்துல ஊத்தியாச்சுல்லா? இப்ப அங்கன இருக்கது நூறு மில்லி. அம்பதால வகுத்தா எப்படி?"

தாளாளர் என்ன சொன்னார்? "புள்ளி மூணுக்கா இவ்வளவு சண்டை?" என்றார். ஐயா, pH அளவில் அந்தப் புள்ளி மூன்றுக்கு அமிலம் இரண்டு மடங்கு! அது தெரியாமல் கொடுத்தீர்களே மெமோ, "விடைக்குறிப்பை மீறினார், மாணவிகளுக்குத் தவறாகக் கற்பித்தார்" என்று! பன்னிரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் சிவப்பு மையில் அடித்தீர்களே!

மெமோதான் அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். மாரடைப்பு வந்து போனார். ஆனால் "தவறாகக் கற்பித்தவர்" என்ற பெயரோடு போனார். இன்று அவர் படத்தைத் திறந்துவைக்க வந்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

அந்த விடைக்குறிப்பை எழுதியது யார்? ஆசிரியர்களுக்குத் தெரியும். மாணவிகளே, உங்களுக்குத் தெரியாது. நான்தான்! டீச்சர் காட்டிய அன்றே என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. மூத்தவன் என்ற கர்வம் விடவில்லை. வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாளை முதல் பீரியடில் அதே கணக்கைப் போர்டில் போடுவேன். என் விடை தப்பு, டீச்சர் சொன்னதே சரி என்று எழுதுவேன். இனி இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையின் சரியான விடையும் அடிபட விடமாட்டேன். இது டீச்சரின் படத்தின் முன் நான் தரும் வாக்கு.

தாளாளர் அண்ணாச்சி, அந்தப் படத்தை இப்போது திறக்காதீர்கள். மெமோவை ரத்து செய்யும் கடிதத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த மெமோவில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. இதில் நான் முதலில் போட்டுவிட்டேன்.

பேனா இதோ. நீங்கள் போடும்வரை நான் உட்காரப் போவதில்லை.