ஒரு போட்டோ நாலு எடத்துல

அய்ய, அந்த ஒயர இஸ்க்காத சார். அப்பவே சொன்னேன்ல, அந்த பிளக்கு லூசு. ஒரு தபா ஆட்னா பூடும். அப்பால என்னாண்ட வந்து, அக்கா என் போட்டோ எல்லாம் பூட்ச்சேன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிப்ப. வுட்டுடு, அதும்பாட்டுக்கு ஏறட்டும். நீ இப்டி வந்து குந்து. அந்த ஸ்டூலு வாணாம், காலு ஒடஞ்சது. தோ, ஐஸ் பொட்டி மேல குந்து.

எவ்ளோ ஆச்சு? கால்வாசிதானா? நல்லா கீது போ. நீ சொருவினதுலேர்ந்து நான் ரெண்டு ஈடு மீனு வறுத்து எடுத்துட்டேன். அது இன்னும் ஊந்துகினு கீது. உனுக்கோசரம் டிவி பிளக்க வேற புடுங்கி வுட்டு கீறேன். மாமியாகாரி மருமவள அறையறதுக்கு கைய ஓங்கிகினு நின்னா. அறஞ்சாளோ இன்னாவோ, இனிமே எனுக்கு எப்டி தெரியும்?

கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காத. உன் வூடு தாம்பரத்துலன்ன. இங்கேர்ந்து கேளம்பாக்கம் புட்ச்சு, வண்டலூரு வயியா வண்டிய முறுக்கினா பொயுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் பூடலாம். அங்க சொருவ எடம் இல்லியா? மீன் வறுக்கற கடையாண்ட வந்து, எண்ணெ தெறிக்கற எடத்துல, லாப்டாப்பு வெச்சுகினு குந்தி கீறியே.

ஓ. சிப்பு ரொம்பிடுச்சா. சாயந்தரம் வலை இஸ்க்கறத எடுக்கணுமா. வெயிலு மஞ்சளா வரசொல்லோ எடுத்தாத்தான் நல்லா வருமா. அட போ சார்! கன்யாகுமாரி வரிக்கும் போயி எடுத்துகினு வந்து கீற, அங்கல்லாம் வெயிலு பச்சையாவா அடிச்சிது? ஒரு மாசமா பைக்குல கடலோரமாவே சுத்தி கீற. மூஞ்சியப் பாரு, சுட்ட காராப்பொடி மீனு மாரி கீது. ஆபீசுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? லீவா? லீவு போட்டுட்டு ஜனங்க கோயிலுக்குப் போவும், மாமியா வூட்டுக்குப் போவும். நீ குப்பம் குப்பமா போயி ஓட்ட போட்ட எடுத்துகினு வந்து கீற.

சிரிக்காத. தமாசுக்கு சொல்லல.

தபாரு, எனுக்கு ஒண்ணு வெளங்கவே இல்ல. போட்டோ எட்த்தாச்சு, சிப்புல கீது. அத்த இந்த லாப்டாப்புல ஏத்தற. அதுலேர்ந்து அந்தக் கறுப்பு டப்பாவுக்கு ஏத்தற. எதுக்கு? பூடுமா? எங்க பூடும், அதுக்கு காலா கீது? ஒரு மீன புட்ச்சவன் ஒரு கூடையிலதான் போடுவான். நீ ஒரே மீன மூணு கூடையில போடற. கேட்டா பத்தரம்ன்ற. சரி, அந்த ரெண்டு பொட்டியையும் எங்க வெச்சுப்ப? ஒரே பையிலயா? ஐய்யய்ய! படிச்ச புள்ள பண்ற வேலையா இது? பைய எவனாச்சும் லவட்டிகினு பூட்டான்னா ரெண்டும் போவும்ல? வண்டியோட நீ உப்பங்கழியில வுழுந்தின்னா? பூட்டையும் சாவியையும் ஒரே பொட்டியில வெச்சவன் கதையா கீது.

இன்னாது? இன்னும் ஒண்ணு கீதா? எங்க? போற வயில சி.டி. போட்டு தங்கச்சிக்கு கொரியர்ல அனுப்பிட்டியா. ம். அத்த சொல்லு. அப்ப முயு முட்டாளு இல்ல நீ, அரதான்.

மொத நாளு எட்த்ததும் அந்த சி.டி.ல கீதா? நீ பொறப்ட்டு இந்தப் பக்கமா வந்தியே, அன்னிக்கு காலம்பற எட்த்தது. நல்லா நெனச்சு சொல்லு. பாண்டிச்சேரிலயே போட்டு அனுப்பிட்டியா? தங்கச்சி பீரோவுல வெச்சு பூட்டினு கீதா? நல்ல பொண்ணு. அப்ப இந்த லாப்டாப்ப இப்டியே எவனாச்சும் எடுத்து கல்லுல அடிச்சாக்கூட அந்தப் போட்டோ போவாது. அப்டித்தானே?

இல்ல, சும்மா கேட்டேன். உன் பொட்டிய யாரு ஒடைக்கப் போறாங்க. நீ ஏன் அத்த மடியில எட்த்து வெச்சுக்கற? கீய வெய்யி, சூடு ஆறட்டும். ஒயரு!

இரு. இன்னா வேணும்மா? வஞ்சரம் முட்ஞ்சி போச்சு. சங்கரா கீது, சாப்டறியா? அதுக்கு ஏன் மூஞ்ச சுளிக்கற? சரி போ, ரோட்டு மேல ஏசி ஓட்டலு கீது, அங்க போயி பஞ்சு மாரி கீற மீன துன்னு. பார்த்தியா சார், காருல வர்றதுங்களுக்கு வஞ்சரத்த தவுத்து கடல்ல வேற மீனே கெடையாது.

இன்னா கேட்ட? எந்தப் போட்டு? மேட்ல ஏத்தி, மேல வலைய மூடி வெச்சு கீதே, அதுவா? எங்களுதுதான். அத்தயும் எட்த்தியா? அய்யோ சாமி. வலைய போத்திகினு தூங்கறாப்புல அழகா கீதாம். சார், ஓடற போட்டு மேட்ல கெடந்தா அது அழகு இல்ல. அது ஏன் மேட்ல கெடக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? கேக்க மாட்ட. எங்க குப்பத்துக்கு வர்ற கேமராகாரங்க யாரும் கேக்கறது இல்ல. சிரி ஆயா, திரும்பு ஆயா, கைய கண்ணு மேல வெச்சு கடலப் பாரு ஆயா. பார்த்தாச்சுன்னா டாட்டா.

சரி, நீதான் இப்ப கேட்டுட்டியே. சொல்றேன். எப்டியும் அது ஏறி முடியற வரிக்கும் உன்னால எங்கயும் ஓட முடியாது.

போட்டாண்ட ஒருத்தன் முட்டியக் கட்டிகினு குந்தி கீறான் பாரு, அவன்தான் என் புள்ள. ஜெயவேலு. ஊருல அவன கடலுக்குப் போவக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சு கீறாங்க. அவன் போட்ட தள்ள ஒருத்தனும் கை குடுக்கக் கூடாது. அவன் மீன ஏலத்துல எவனும் எடுக்கக் கூடாது. டீக்கடையில கூட பேச மாட்றானுங்க. நேத்து வரிக்கும் மச்சான் மச்சான்னு தோள்ல தொங்கினவனுங்க.

இன்னா பண்ணானா? எங்க ஊருல ஒரு கட்டு கீது. குப்பத்துல ஒரு சாவு வுழுந்தா, அத்த எடுக்கற வரிக்கும் ஒரு போட்டு கூட கடல்ல எறங்கக் கூடாது. யாரு செத்தாலும் அப்டித்தான். கெயவின்னாலும் அப்டித்தான், கொயந்தன்னாலும் அப்டித்தான். போன வாரம் ஊர்த் தலைவரு சிட்டிபாபுவோட ஆத்தா செத்துப் போச்சு. நல்ல சாவு, கல்யாண சாவு. ஆனா எம்புள்ள அதுக்கு மொத நா சாயங்காலமே வலைய கடல்ல வுட்டுட்டு வந்து கீறான். காலம்பற போயி எடுக்கணும். இல்லன்னா வலைய கப்பல்காரன் அறுத்துகினு பூடுவான். அதான், சத்தம் காட்டாம போயி வலைய எட்த்துகினு வந்துட்டான். வலையில மீனு கீது. அவன் இன்னா பண்ணணும்? வேற குப்பத்தாண்ட போயி எறக்கிட்டு, வெறும் வலையோட வரணும். அதான் புத்திசாலித்தனம். இந்த லூசு நேரா இங்கயே வந்து, சாவுக்கு வந்த அத்தினி ஜனம் பார்க்க கூடைய எறக்கி கீது. கேட்டா, வலைய எடுக்கத்தான் போனேன், மறைக்க இன்னா கீதுன்றான். அப்டி ஒரு அரிச்சந்திரன பெத்து வெச்சு கீறேன்.

தப்புதான் சார். நான் தப்பு இல்லன்னு சொல்லவே இல்ல. பொணத்த போட்டுகினு கடலுக்குப் போறது தப்புதான். ஆனா அந்த சிட்டிபாபு கோயிலாண்ட மைக்க புட்ச்சுகினு பேசினான் பாரு. இன்னா பேச்சு! எங்க ஊரு மானம்ன்றான், மரியாதன்றான். இந்தக் குப்பத்துல பொணம் கெடக்கசொல்லோ இன்னி வரிக்கும் ஒரு போட்டு எறங்கினது இல்ல, இவன்தான் மொத ஆளுன்றான். அத்த சொல்லசொல்லோ அவன் கண்ணுல தண்ணி வேற. எனுக்கு அப்டியே வவுறு எரிஞ்சிது. கூட்டத்துல கண்ணால பார்த்தவனுங்க நாலு பேரு கீறானுங்க. இதே சிட்டிபாபு இன்னா பண்ணான்னு தெரிஞ்சவனுங்க. தரையப் பார்த்துகினு நின்னானுங்க. நாளைக்கு தலைவரு தயவு வோணும்ல.

போலீசா? நீ ஒண்ணு. ஊரு பஞ்சாயத்துக்கு போலீசாண்ட போனவ அப்பால இந்த ஊருல தண்ணி மொள்ள முடியாது சார். நாளைக்கு காலம்பற மறுபடியும் கூட்டம் கீது. வருசம் பூரா ஒக்கார வெக்கணும்னு பேசிகினு கீறானுங்களாம். வருசம்! கடலுக்குப் போவாதவன இங்க எவன் மதிப்பான்? எவன் பொண்ணு குடுப்பான்? அவன் மூணு நாளா சரியா சோறு துன்னல. அந்தப் போட்டாண்டயே குந்தி கீறான். பெத்தவ நான் பார்த்துகினு கீறேன், மீன் வறுத்துகினு, சிரிச்சுகினு.

நாளைக்கு நான் பேசப் போறேன். ஆமா, பொம்பளதான். கூட்டத்துல பொம்பள பேசக் கூடாதும்பாங்க. பேசினா, சாட்சி எங்கம்பாங்க. அதான்.

பாதி தாண்டிடுச்சா? அது ஓடசொல்லோ படம் பார்க்கலாமா, நின்னுடாதே? அப்ப அந்த மொத நாளு படத்த காட்டு. மத்தியானம் நீ படத்த தள்ளிகினே வந்தியே, அதுல ஒரு நீல போட்டு. அத்த பார்த்ததும் எண்ணெ காஞ்சிகினு கீது, நான் மீன போடாம நின்னுட்டேன். நீ கவனிக்கல. இன்னும் பின்னால போ. ம், இன்னும். தோ, இதான்.

இதுதான் ரொம்ப நல்லா வந்து கீதா? நீ படிச்ச காலேஜுல கண்காட்சி வெக்கசொல்லோ இத்ததான் பெருசா மாட்டப் போறியா? ம். மாட்டு, மாட்டு. அலைய ஏறி போறத நல்லாத்தான் புட்ச்சு கீற. மேல நின்னுகினு தள்ளுகோல ஊணறானே, தலையில துண்டு கட்டிகினு, அவனாண்ட போ. மூஞ்சிய பெருசாக்கு. இன்னும். கலங்கிடாதே? அடேங்கப்பா. மீசையில கீற நர கூட தெரியுது. பெரிய சைசு பெரிய சைசுன்னு நீ பீத்திகினப்போ, சும்மா உதாரு வுடறன்னு நெனச்சேன். இல்ல சார். இது வோணும். இது இவ்ளோ பெருசா இருந்தாத்தான் ஆவும்.

அவனா? அவன்தான் சிட்டிபாபு. தலைவரு.

தேதி எங்க தெரியும்? நம்மளா போடறதா, அதுவா வுழுதா? மணியும் கீதா? அத்த நாம மாத்தி வெச்சுகினோம்னு யாரும் சொல்ல முடியாதே? சரி, தங்கச்சியாண்ட கீற சி.டி.லயும் அதே தேதிதானே இருக்கும். இருக்கட்டும். எனுக்கு இத்த கேளம்பாக்கத்துல பெருசா போட்டு குடுத்துட்டுப் போ சார். வெளக்கு வெக்கறதுக்குள்ள வோணும். துட்ட பத்தி பேசாத, இன்னிக்கு வறுத்த மீனு அத்தினியும் உன்துதான். மஞ்ச வெயிலு நாளைக்கும் அடிக்கும். லாப்டாப்பு, டப்பா, சி.டி.ன்னு உன் மூணு கூடையோட என்னாண்டயும் ஒண்ணு இருக்கட்டும், நாலாச்சு.

இன்னாது, வெட்டிட்டு குடுக்கறியா? எத்த வெட்டுவ? ஓரத்தையா? கரையில ஏதோ பந்தலு, கும்பலா ஜனங்க, போட்டுக்கு அழகா இல்லியா. கல்யாண வூடுன்னு நெனச்சியா நீ? தூரத்துலேர்ந்து எட்த்த, உனுக்கு எப்டி தெரியும்.

வாணாம் சார், அத்த வெட்டாத. போட்ட வேணும்னாக்கூட பாதி வெட்டிக்கோ, அந்த மூலையில கைய வெக்காத. பந்தலுக்கு கீய பெஞ்சு மேல வெள்ளையா தெரியுதே, அது எங்க வூட்டுக்காரரு. இன்னும் எடுக்கல அப்போ.