வெள்ளை வேனின் கடைசி எண்

என் பெயர் ரோஸ்லின். வயது 36. கணவர் பெயர் சார்லஸ். வில்லியனூர் மாதா கோயில் தெருவில் குடியிருந்துகொண்டு, அதே தெருவில் போட்டோ, வீடியோ ஸ்டூடியோ நடத்தி வருகிறோம். விசேஷங்களுக்குப் போய் வீடியோ எடுப்பது என் கணவர். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டிக் கோர்த்துக் கொடுப்பது நான். போலீஸ் விசாரணையில் கேட்டதன் பேரில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உறுவையாற்றைச் சேர்ந்த விவசாயி தணிகைவேல் என்பவரின் மகள் வெண்ணிலாவின் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வீடியோ எடுத்தோம். கடந்த ஆவணி மாதம், பெண் அழைப்பு ஊர்வலம் சாயங்காலம் கோயிலை விட்டுக் கிளம்பியபோது, என் கணவர் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஃபோர்கே என்ற மிகத் தெளிவான அளவில் பதிவு செய்தார். அந்த நேரத்தில் ஊர்வலத்துக்குப் பின்னால், ரோடு திரும்பும் இடத்தில், புல்லுக்கட்டுடன் நடந்து வந்த சின்னபொண்ணு என்பவரை ஒரு வெள்ளை வேன் இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் கணவரும் கல்யாணப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துத்தான் சின்னபொண்ணு விழுந்து கிடப்பதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு தணிகைவேல் எனக்குப் போன் செய்து, சொந்தக்காரர்கள் போனில் பார்க்கிற மாதிரி ஊர்வலத்தை மட்டும் அனுப்பச் சொன்னார். ஃபைல் பெரியதாக இருந்ததால் வாட்ஸ்அப்பில் போகாது. ஆகவே ரெசல்யூஷனை 480-க்குக் குறைத்து ஒரு நகல் எடுத்து அனுப்பினேன். இது நாங்கள் எல்லாருக்கும் செய்து தருவதுதான். மூல ஃபைலில் நான் கை வைக்கவில்லை.

அதன் பிறகு அந்த நகலில் பின்னால் வேன் போவதை யாரோ கவனித்து, ஊர் குரூப்புகளில் போட்டிருக்கிறார்கள். வேறு யாரோ அதை ஒரு செயலியில் போட்டுப் பெரிதாக்கியதில், வண்டி நம்பரின் கடைசி எண் எட்டு என்று தெரிந்திருக்கிறது. எட்டில் முடியும் நம்பருள்ள வெள்ளை வேனை எங்கள் பக்கத்தில் ஓட்டுவது, நல்லவாட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் எழிலரசன் என்பவர். இறந்தவரின் உறவினர்கள் அவரை ரோட்டில் மறித்து, கண்ணாடியை உடைத்து, அவரையும் அடித்ததில் கை முறிந்துவிட்டது.

அந்தப் படம் என் போனுக்கும் வந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் அனுப்பிய நகலில் நம்பர் பிளேட் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறத் திட்டுதான். அளவைக் குறைக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகக் கரைந்துவிடும். மறுபடி பெரிதாக்கினால் அவை திரும்பி வராது. செயலி தானாக ஒன்றை யூகித்து அந்த இடத்தை நிரப்பும். ஆகவே மூல ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதில் கடைசி எண் மூன்று என்று தெளிவாக இருந்தது. வேனின் பக்கவாட்டில் பாத்திர வாடகைக் கடையின் பெயரும் இருந்தது. அது மாப்பிள்ளையின் தாய்மாமன் கலைச்செல்வன் என்பவரின் கடை.

அவர்கள் வீட்டுக் கல்யாண வீடியோ என்பதால் முதலில் தணிகைவேலிடம் சொன்னேன். அவர் உடனே கடைக்கு வந்தார். "இன்னாம்மா சொல்ற? பொண்ணு அந்த வூட்டுக்குப் போயி இன்னும் மறுவூடுகூட வரல. பெருசை அழிச்சுடு. சின்னது போதும்" என்றார். சொல்லும்போது அவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. "சின்னபொண்ணு எங்க வயல்ல நாத்து நட்டவதான்" என்றும் அவராகவே சொன்னார். நான், "அழிக்க மாட்டேண்ணா. ஆனா உங்கள மீறிப் போலீசுல குடுக்கவும் மனசு வரல" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அவர் பயந்தது பொய்யான பயம் இல்லை. எனக்கும் பெண் குழந்தை உண்டு. ஆனால் கையில் கட்டோடு எழிலரசன் கடைத்தெருவில் தலை குனிந்து போனதையும் நான் பார்த்திருந்தேன்.

அதன் பிறகு வெண்ணிலா பாகூரில் உள்ள மாமியார் வீட்டிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்தார். "அக்கா, அப்பா போன்ல அழுவுறாரு. அதுல இன்னா இருக்குது, காட்டுங்க" என்றார். மூல ஃபைலையே போட்டுக் காட்டினேன். முதலில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்கிரீன் பக்கம் குனிந்து பின்னால் பார்த்தார். "நான் சிரிச்சினு போறேன், அவங்க பின்னால வுழுறாங்க" என்றார். பிறகு, சின்ன ஃபைல் மட்டும் இருந்தால் உண்மை தெரியுமா என்று கேட்டார். "அதுல நம்பரே இல்லம்மா. பெருசு போச்சுன்னா அந்த மீன் வண்டிக்காரர்தான் மாட்டுவாரு" என்றேன்.

அப்போதுதான் அவர், ஊர்வலத்துக்கு மறுநாள், தாலி கட்டிய அன்று காலையில் மண்டபத்துக்குப் பின்னால் அந்த வேன் ஹெட்லைட் உடைந்து நின்றதைப் பார்த்ததாகவும், கேட்டதற்கு மாடு குறுக்கே வந்துவிட்டது என்று கலைச்செல்வன் மாமா சொன்னதை இதுவரை நம்பியதாகவும் சொன்னார். "அழிக்காதீங்கக்கா. நீங்க ஸ்டேஷனுக்குப் போறப்ப நானும் வரேன்" என்றார்.

மூலப் பதிவு உள்ள மெமரி கார்டையும், நான் குறைத்து அனுப்பிய நகலையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். வெண்ணிலா தாம் பார்த்ததைச் சொல்ல வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். அவரைத் தன் வண்டியில் அழைத்து வந்தது தணிகைவேல். அவரும் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைத் திரும்ப எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னபடியே அது இருக்கிறது, அத்தனையும் உண்மை.

ஒப்பம்
சா. ரோஸ்லின்