ரபாவுல் குகையில் தண்ணீர் கேட்டவர்

பின்னேரம் நாலு மணி. எரிமலை அடிவாரத்தில் ஒரு தனி றோட்டு. ஆளும் இல்லை, நாயும் இல்லை... சுற்றுலா வான் ஒன்று மட்டும் வந்து நின்றது.

இது நடந்தது சீமோன் அண்ணையின் மச்சாள் வேரோனிக்காவுக்கு. வெளியே ஸ்னோ கொட்டுகிறது, இனி ஒருவரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை. கிட்ட வந்து இருந்து கேளுங்கள்.

அவளுடைய பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் பிடித்து, ரபாவுல் என்ற தீவுப் பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. 1994 யூலையில் வேரோனிக்கா ரொறன்ரோவிலிருந்து ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு அங்கே போனாள். ஜப்பான்காரர்கள் கைதிகளைக் கொண்டு தோண்டுவித்த குகைகளைக் காட்டினார்கள்.

மற்றவர்கள் வாசலில் துருப்பிடித்த பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவள் தனியே உள்ளே போனாள். வௌவால் எச்சமும் கந்தகமும் கலந்த நாற்றம். டொக்... டொக்... எங்கேயோ நீர் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

"பிள்ளை... ஒரு மிடறு தண்ணி தாவன்."

யாழ்ப்பாணத் தமிழ். காதடியில்.

"பொறுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஓடிவந்து வானில் கிடந்த போத்தலை எடுத்தாள்... திரும்பிப் போகக் கால் வரவில்லை. ட்ரைவர் ஹோர்ன் அடித்தான். ஏறிவிட்டாள். பாதி வழியில் அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள்.

செப்டெம்பரில் எரிமலை வெடித்தது. பட்டினம் சாம்பலுக்குள் புதைந்ததை டிவியில் பார்த்தாள். இனிப் போகவும் வழியில்லை.

அன்றிரவு ரொறன்ரோவில் அவளுடைய வோபர்ன் அபார்ட்மெண்டில், பதினோராம் மாடியில், குசினியில் பாத்திரம் கழுவும் சிங்கின் ஓட்டைக்குள்ளிருந்து அதே குரல். தண்ணீர் ஊற்றினாள். விடியும்வரை ஊற்றினாள். குரல் நிற்கவில்லை. சுவாமியார் வந்து ஜெபித்தார். பிளம்பர் வந்து குழாயைக் கழற்றிப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை. நித்திரை போனது, வேலை போனது. அவளும் கணவனும் பிக்கரிங்கில் வேறு வீடு எடுத்தார்கள். குரல் அவர்களுக்கு முன்னமே அங்கே இருந்தது.

கணவன் நீக்கிலாப்பிள்ளைக்கு மட்டும் இத்தனை நாளும் எதுவும் கேட்டதில்லை. "உனக்கு விசர்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். போன மாதம் ஒருநாள் குசினிக்குள் போனவர், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீ எத்தினை பேருக்குத் தண்ணி கொண்டுவாறன் எண்டு சொன்னனி?"

"ஒராளுக்குத்தான்..."

"அப்ப ஏனடி... உதுக்குள்ள நூறு பேர் உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடினம்?"