பகல் தொழுகையை இரண்டு தடவை தொழுகிறவர்

மகனின் சளிக்கு மருந்து எடுக்க உக்குவளையில் டொக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். அவனுக்கு இன்னொரு சட்டை போட்டுக் கூட்டி வந்திருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வாங்கில் ஒரு குரல் கேட்டது.

“வாப்பா பகல் தொழுகைய ரெண்டு தடவ தொழுறாருன்னு டொக்டர்கிட்ட முறைப்பாடு செய்யப் போறீங்களா, ராத்தா?”

கேட்டவள் தங்கை. அவளுக்கும் அக்காவுக்கும் நடுவில் அவர்களுடைய தகப்பனார் தொப்பியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார்.

“தொழுதது ஞாபகம் இல்லாமத்தானே திரும்பத் தொழுறாரு?”

“பள்ளிவாசல்ல எல்லாரும் பெருமையா பேசுறாங்க. வயசு போகப் போக மார்க்கப் பேணுதல் கூடிட்டாம்.”

“சோறு தின்னுட்டு இன்னும் தின்னலன்னு சொல்றாரே, அதுவும் பேணுதலா? பலாபத்வலையில கடைக்குப் போயிட்டு, வீட்டுக்கு வர வழி தெரியாம நின்னாரே, அது?”

“பைத்தியம்னு எழுதிடுவாங்க, ராத்தா.”

“ஒண்ணும் எழுத மாட்டாங்க. இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான். ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க, குடிக்கிற மருந்தையும் பார்ப்பாங்க. போன தடவ வாப்பாகிட்ட கேட்டதுக்கெல்லாம் நீயே முந்திக்கிட்டுப் பதில் சொன்னே. டொக்டருக்கு உன்னோட ஞாபகசக்திதான் தெரிஞ்சுது.”

கதவு திறந்தது, அவர்களைக் கூப்பிட்டார்கள். மகள்மார் ஆளுக்கொரு பக்கமாக அவர் கையைப் பிடித்தார்கள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு மறக்குதுன்னு நானே சொல்றேன். நான் விட்டுட்டத மட்டும் நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.”