பணிப்பதிவேட்டில் ஒரு கண்டன வரி

எல்லைப் பாலத்தின் இம்முனைச் சோதனைச் சாவடியில் முப்பத்தோராண்டுகள் அயராக் கண்ணும் அளந்த சொல்லுமாய் அரும்பணி ஆற்றி, இன்று மாலையோடு வருகைப் பதிவேட்டிலிருந்து விடைபெறும் எங்கள் தலைமை அலுவலர் அம்மையீர்! வஞ்சகர்க்கு வாயில் அடைத்தவரே, வரிசையில் வாடி நின்ற வழிப்போக்கர்க்கு வாஞ்சையோடு வழிவிட்டவரே, வணங்குகிறோம். இன்னும் ஒன்பது அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். "இதெல்லாம் யாரு, நானா?" என்று நடுவில் எழுந்து கேட்டுவிடுவீர்கள் என்ற அச்சத்தில் அவற்றை அடித்துவிட்டோம்.

தொலைபேசியில் எச்செய்தி வந்தாலும், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டு, சொன்னவர் யார், எந்த மேசையிலிருந்து என்பதையும் எழுதிய பின்னரே அதைச் செய்தியாக மதிப்பது தங்கள் வழக்கம். அதனால் தங்களுக்கு 'இன்னொருதரம் மேடம்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது தங்கள் காதுக்கு எட்டவில்லை என்றே நம்பியிருந்தோம். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியை எடுத்து, "இன்னொருதரம் மேடம்தான் பேசறேன்" என்றீர்களே, அன்று எங்களில் பாதிப் பேர் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடினோம்.

ஒரு காலத்தில் இங்கே ஐயத்திற்குரிய ஆளைப் பற்றிய தகவல் நம் தலைநகருக்குப் போய், அவர்கள் தலைநகருக்கு ஏறி, அங்கிருந்து பாலத்தின் அம்முனைக்கு இறங்குவதற்குப் பதினொரு நாள் ஆகும். அதற்குள் அந்த ஆள் நான்கு ஊர் மாறியிருப்பான். பாலத்தின் நட்டநடுவில் இரண்டு நாற்காலி போட்டு அம்முனைத் தலைமை அலுவலரோடு அமர்ந்து பேசி, அதன்பின் நான்காண்டுகள் கடிதம் எழுதி எழுதி, இரு சாவடிகளுக்கும் இடையே நேரடித் தொலைபேசி இணைப்பை வாங்கித் தந்தவர் தாங்கள்.

வழக்கமான மடல் இவ்விடத்தில் வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடும். ஆனால் தங்கள் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு கண்டன வரி இருக்கிறது. 'முக்கியத் தகவலைச் சரிபார்க்கத் தவறினார்.' அந்த வரியால் பதவி உயர்வு மூன்றாண்டு தள்ளிப்போனது. அந்தச் சுமையோடு தங்களை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

அம்முனைக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆகவே மரியாதையின் பொருட்டு, அவர்கள் பேசினால் நம் நேரத்தைச் சொல்வார்கள், நாம் பேசினால் அவர்கள் நேரத்தைச் சொல்வோம். ஒன்பதாண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை எட்டேகாலுக்கு அம்முனையிலிருந்து அழைப்பு வந்தது. வெங்காய லாரி ஒன்று பத்து மணிக்குப் பாலம் ஏறும், உள்ளே வெடிமருந்து இருக்கலாம் என்றார்கள். அழைத்தவர் அம்முனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆனவர். இந்த மரியாதை அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது தம் ஊர்ப் பத்து மணி.

நாம் நம் பத்து மணிக்காகத் தடுப்புகளை நகர்த்திக்கொண்டிருந்தபோது, ஒன்பது மணிக்கே மற்ற வெங்காய லாரிகளோடு வரிசையில் வந்து, காகிதங்களைக் காட்டிவிட்டு அந்த லாரி உள்ளே போய்விட்டது. வாயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பது இருபதுக்கு வந்த தாங்கள் குறிப்பைப் படித்தீர்கள். "யாரு பேசினா? வழக்கமா பேசறவரா?" என்று கேட்டீர்கள். "இல்ல மேடம், புதுக் குரல்" என்று பதில் வந்தது. தங்கள் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தோம்.

மூடி மறைக்க நேரமும் இருந்தது, ஆளும் இருந்தது. தாங்களோ அக்கணமே அம்முனைத் தலைமை அலுவலரை அழைத்தீர்கள். "அண்ணே, வண்டிய விட்டுட்டோம். தப்பு எங்க மேல. உங்ககிட்ட இருக்கிற படத்தை எல்லாம் அனுப்புங்க." மறுமுனையில் அவர், "தப்ப அப்புறம் பேசிக்கலாம்மா, தார்ப்பாய்ல பச்சை ஒட்டு இருக்கு பாருங்க" என்றார். பத்தேகாலுக்கு நெடுஞ்சாலை எரிபொருள் நிலையத்தில் லாரி பிடிபட்டது. அது போய்ச்சேர வேண்டிய சந்தையில் அன்று மாலையும் மக்கள் காய்கறி வாங்கினார்கள்.

விசாரணைக்கு வந்த மேலதிகாரி, "அந்தப் பக்கத்து ஆள் சரியாச் சொல்லலைன்னு எழுதிடுங்க, எல்லாருக்கும் நல்லது" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். தாங்கள், "அப்படி எழுதினா நாளைக்கு அவங்க போனே பண்ண மாட்டாங்க சார்" என்று மறுத்தீர்கள். சரி, இங்கே அழைப்பை எடுத்தது யார் என்று அவர் கேட்டதற்கு, "என் மேசை, என் பொறுப்பு" என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள்.

அழைப்பை எடுத்தவன் நான். இந்த மடலை எழுதியவனும் இப்போது வாசிப்பவனும் நானே. அன்று நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். வீட்டில் இருபது நாள் குழந்தை. 'இன்னொரு தரம்' என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. வெளியே வந்ததும் தாங்கள், "போய் சாப்பிடு, மதியத்துக்கு மேல வேலை இருக்கு" என்றீர்கள். பிறகு ஒன்பதாண்டுகளில் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

உண்மையைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அன்றைய அழைப்பை எடுத்தவன் நானே என்று காட்டும் அம்முனைச் சாவடிப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைத் தம் அரசின் இசைவோடு அம்முனைத் தலைமை அலுவலர் அனுப்பித் தந்தார். கண்டன வரியை மறு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதாக இன்று காலை பதில் வந்திருக்கிறது. எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. வருவது வரட்டும். தங்களிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் தந்திருக்க மாட்டீர்கள்.

நோயின்றி, நிம்மதியாய், நூறாண்டு நிறைவோடு வாழ்க, அம்மையீர்! காலையில் தொலைபேசி ஒலித்தால் எழுந்து ஓடாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'இன்னொரு தரம்' என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பாலத்தின் இரு முனைப் பணியாளர்களும்,
தங்கள் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதித் தந்தவனும்